விருப்பத்தைக் கேட்டு வழிகாட்டினால் போதாதா? பாலினம் அங்கே எங்கிருந்து வருகிறது?

தொழில் ஆலோசகராகப் பயிற்சி பெறும் ஒருவரின் கேள்வி இது. ஆண், பெண் என்று பார்க்காமல், வருகிறவரின் விருப்பத்தையும் திறமையையும் மட்டும் வைத்து வழிகாட்ட வேண்டும் என்று அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள். அவரும் அப்படியே செய்கிறார். ஆனாலும் ஆண்டு முடிவில் குறிப்பேட்டைப் புரட்டினால், பெண்கள் பெரும்பாலும் கற்பித்தல், செவிலியம், அலுவலகப் பணி என்றும், ஆண்கள் பெரும்பாலும் பொறியியல், இயந்திரம், நிர்வாகம் என்றும் பிரிந்து நிற்கிறார்கள். ‘நான் யாரையும் எங்கும் தள்ளவில்லையே, அவர்கள் சொன்னதைத்தானே எழுதினேன்? தலையிட்டிருந்தால் அது திணிப்பாகியிருக்காதா?’ என்று கேட்கிறார்.

நேர்மையான கேள்வி. நீங்கள் தள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தள்ளுவது எல்லாம் அவர்கள் உங்கள் அறைக்குள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. ‘எனக்கு இது பிடிக்கும்’ என்று ஒருவர் சொன்னால் அதை நாம் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு நீண்ட கதையின் கடைசி வரி. முந்தைய பக்கங்களைக் கேட்காமல் அந்த ஒரு வரியைப் படிவத்தில் எழுதிக்கொள்வது நம் தொழிலோடு கூடப் பிறந்த பழக்கம்.

கூடப் பிறந்தது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு, அவர் இறந்த பிறகு, அவருடைய நூல் வெளிவந்தது. உன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் பகுத்தறிவோடு பொருத்திப் பார் என்று மூன்று படிகள் சொன்னார். நூறு ஆண்டுகள் கடந்தும் பல ஆலோசனை அறைகள் இந்த மூன்று படிகளில்தான் ஏறி இறங்குகின்றன. முதல் படியில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: ‘நான்’ என்பது உள்ளே ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது, தோண்டி எடுத்தால் போதும் என்ற ஊகம். அந்த ‘நான்’ எப்படி உருவானது என்று கேட்க அங்கே இடமில்லை.

இடம் கொடுத்தவர்களில் ஒருவர் உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரட்சன். 1981இல் அவர் முன்வைத்த கோட்பாட்டின்படி, குழந்தைகள் தொழில்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தொழில்களைக் கழித்துக்கட்டுகிறார்கள். மூன்று முதல் ஐந்து வயதில், பெரியவர்கள் என்றால் வேலை செய்பவர்கள் என்பது புரிகிறது. ஆறு முதல் எட்டு வயதில் ‘இது ஆண்களுக்கு, இது பெண்களுக்கு’ என்ற கோடு விழுகிறது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதில் மதிப்பு பார்க்கிறார்கள்: எது கௌரவமான வேலை, எது இல்லை என்று. தன் சொந்த ஆர்வம், தன் தனித்திறமை ஆகியவற்றை வைத்து யோசிப்பது ஏறத்தாழ பதினான்கு வயதுக்குப் பிறகுதான். ஒரு பெண் குழந்தை தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கத் தொடங்கும்போது பாதிக் கடை ஏற்கெனவே அடைக்கப்பட்டிருக்கிறது. கழித்துக்கட்டிய தொழில்களை மறுபடி யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. கழித்த நினைவுகூட இருப்பதில்லை. ஆகவே பதினேழு வயதில் உங்கள் எதிரே உட்கார்ந்து ‘இயந்திரம் எல்லாம் எனக்குப் பிடிக்காது’ என்று ஒருத்தி சொல்வது பொய்யே இல்லை. எந்த இயந்திரத்தையும் அவள் திறந்து பார்த்ததில்லை என்பதும் அதே அளவு உண்மை.

காட்ஃப்ரட்சனின் வயதுக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நானும் அதைச் சற்றுத் தளர்த்தியே வைத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசை முக்கியம்: பாலினக் கோடு முதலில், சுய ஆர்வம் பிறகு.

விருப்பம் எப்படி உற்பத்தியாகிறது என்பதை இன்னும் கூர்மையாகக் காட்டிய ஒரு பரிசோதனை உண்டு. சமூகவியலாளர் ஷெல்லி கொரெல் 2004இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களிடம், கறுப்பும் வெள்ளையும் கலந்த படங்களைக் காட்டி எந்த நிறம் அதிகம் என்று கேட்டார். இது ‘மாறுபாட்டை உணரும் திறன்’ என்ற ஒரு திறமையை அளக்கும் சோதனை என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அப்படி ஒரு திறமையே கிடையாது; அவரே இட்டுக்கட்டியது. படங்களுக்குச் சரியான விடையும் கிடையாது. ஒரு குழுவிடம், இந்தத் திறனில் சராசரியாக ஆண்கள் மேல் என்று சொன்னார். இன்னொரு குழுவிடம், ஆண் பெண் வேறுபாடு இல்லை என்று சொன்னார். பிறகு எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்ணைக் கொடுத்தார்.

முதல் குழுவில், அதே மதிப்பெண் பெற்ற ஆண்கள் தங்கள் திறமையை உயர்த்தி மதிப்பிட்டார்கள். பெண்கள் தாழ்த்தி மதிப்பிட்டார்கள். ‘திறமைசாலி’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ள எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று கேட்டபோது பெண்கள் தங்களுக்கு உயரமான கம்பத்தை நட்டுக்கொண்டார்கள். இந்தத் திறன் தேவைப்படும் வேலைக்குப் போவீர்களா என்ற கேள்விக்கும் ஆண்களே கூடுதலாக ஆர்வம் காட்டினார்கள். இரண்டாவது குழுவில் இந்த இடைவெளி காணவில்லை. ஒரே ஒரு வாக்கியம், அதுவும் பொய் வாக்கியம், ஓர் ஆர்வ வேறுபாட்டை உண்டாக்கிவிட்டது. முதல் குழுவில் இருந்த ஒரு மாணவியை அப்போது உங்கள் அறைக்கு அனுப்பியிருந்தால் ‘அதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை’ என்றுதான் சொல்லியிருப்பார். நீங்களும் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கணிதத்தைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் இதே வாக்கியத்தைப் பதினைந்து ஆண்டுகள் கேட்டு வளர்ந்தவரின் ‘ஆர்வமில்லை’யை எப்படிப் படிப்பது?

உளவியலாளர்கள் நான்சி பெட்ஸ், கெயில் ஹாக்கெட் இருவரும் 1981இலேயே இதன் அருகில் வந்திருந்தார்கள். பெண்களுக்கு வழக்கமான தொழில்கள், ஆண்களுக்கு வழக்கமான தொழில்கள் இரண்டையும் கொடுத்து, ‘இதைப் படித்து முடிக்க உங்களால் முடியுமா’ என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். ஆண்களின் நம்பிக்கை இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. பெண்களின் நம்பிக்கை வழக்கமான தொழில்களில் ஏறியும் மற்றவற்றில் இறங்கியும் இருந்தது. ‘முடியும்’ என்று நினைப்பதில்தான் ஆர்வம் முளைக்கிறது. முடியாது என்று நினைப்பதை யாரும் நீண்ட நாள் விரும்பிக்கொண்டிருப்பதில்லை.

இனி நம் கையில் இருக்கும் கருவிக்கு வருவோம். இதில் சற்று நேரம் நிற்க வேண்டும். ஆலோசகர்கள் தங்கள் சார்பைப் பற்றி ஆயிரம் முறை யோசித்தாலும், அச்சடித்த கேள்வித்தாளைச் சந்தேகிப்பதில்லை.

உளவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராங் உருவாக்கிய ஆர்வச் சோதனை 1927இல் ஆண்களுக்காக வந்தது. பெண்களுக்கான தனித்தாள் 1933இல் வந்தது. ஆண்களின் தாள் நீலம், பெண்களின் தாள் இளஞ்சிவப்பு. கதையில் ஒருவர் இப்படி எழுதினால் மிகைப்படுத்துகிறார் என்று சொல்லியிருப்போம். பெண்களின் தாளில் இல்லத்தரசி என்பதும் ஒப்பிடத்தக்க ஒரு தொழிலாக இருந்தது. ஆண்களின் தாளில் அதற்கு இணை எதுவும் இல்லை. இரண்டும் ஒரே தாளாக இணைந்தது 1974இல்தான்.

நிறத்தைவிட அந்தச் சோதனை வேலை செய்யும் விதம் முக்கியமானது. ஒரு தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களின் விருப்பு வெறுப்புகளைத் திரட்டி, உங்கள் விருப்பு வெறுப்புகள் அவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறது. அந்தத் தொழில் செய்யத் தேவையானவை, அந்தத் தொழிலில் தற்செயலாக நிறைந்திருப்பவர்களின் சுபாவம் ஆகிய இரண்டையும் இந்த ஒப்பீடு பிரித்தறியாது. நேற்றைய பணியாளர் வரிசையே நாளைய பணியாளரை அளக்கும் கோலாகிறது.

கணினி நிரலாக்கம் இதற்கு நல்ல சாட்சி. 1940களில் எனியாக் என்ற கணினிக்கு முதன்முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1960களில் டாலிஸ் பெரி, வில்லியம் கேனன் என்ற இரு உளவியலாளர்கள், அப்போது பணியில் இருந்த நிரலாளர்களிடம் இதே ஸ்ட்ராங் சோதனையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். புதிர்களில் ஈடுபாடு, மனிதர்களில் ஈடுபாடின்மை என்று ஒரு சித்திரம் கிடைத்தது. இப்படிப்பட்ட சித்திரங்களை வைத்து நிறுவனங்கள் ஆள் எடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யாரும் ஊகிக்கலாம். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 விழுக்காடு வரை ஏறி, பிறகு சரிந்து 20 விழுக்காட்டுக்கும் கீழே போனது. ஒரு கேள்வித்தாள்தான் இதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கணினி சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது உள்படப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆனால் ‘கணினிக்காரர் என்றால் இப்படித்தான் இருப்பார்’ என்ற அடையாளம் இயற்கையாக வளர்ந்தது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2009இல் ரோங் சூ, ஜேம்ஸ் ரவுண்ட்ஸ், பேட்ரிக் ஆம்ஸ்ட்ராங் மூவரும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆர்வச் சோதனை முடிவுகளைத் தொகுத்தார்கள். பொருள்களோடு வேலை செய்வதா, மனிதர்களோடு வேலை செய்வதா என்ற அச்சில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே உளவியல் அளவுகோலில் மிகப் பெரிது என்று சொல்லத்தக்க இடைவெளி இருந்தது. சராசரிப் பெண்ணைவிடப் பொருள்சார் ஆர்வம் மிகுந்தவர்கள் ஆண்களில் பத்துக்கு எட்டுப் பேர் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். இடைவெளி இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. கேள்விகளை எப்படித் தேர்ந்து அமைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த இடைவெளி கூடுகிறது, குறைகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ‘பழுதான எஞ்சினைச் சரிசெய்யப் பிடிக்குமா’ என்று கேட்பதும், ‘பிரித்துப்போட்ட ஒன்றை மறுபடி பொருத்தப் பிடிக்குமா’ என்று கேட்பதும் ஒரே ஆர்வத்தைத்தான் தேடுகின்றன; முதல் கேள்வி கூடவே யார் கையில் ஸ்பானர் இருந்தது என்பதையும் அளந்துவிடுகிறது. இயற்கை எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்ற வழக்கில் நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. எதிரே இருப்பவர் ஒரு சராசரி கிடையாது. எனக்கு அது போதும்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிட்டுத் தருகிறது உங்கள் சோதனை என்று பாருங்கள். ஆண் பெண் இருவரையும் கலந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் ‘இடைநிலை’ என்று வரும் ஒரு பெண்ணின் பொருள்சார் ஆர்வம், பெண்களோடு மட்டும் ஒப்பிட்டால் ‘உயர்வு’ என்று வரலாம். இரண்டும் ஒரே விடைத்தாள். ஊக்கம் குறைவாகக் கிடைத்த இடத்திலும் இவ்வளவு ஆர்வம் எஞ்சியிருக்கிறதே என்பதுதான் அங்கே செய்தி. அந்தச் செய்தியை வந்தவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கருவியைவிட நுட்பமான இடம் பேச்சு. தமிழில் இதைக் காதாலேயே கேட்கலாம். ‘வேலைக்குப் போகும் பெண்’ என்கிறோம். ‘வேலைக்குப் போகும் ஆண்’ என்று சொல்வதில்லை, ஆண் என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. இல்லத்தரசி உண்டு, இல்லத்தரசன் கேலிக்கு மட்டும். ‘அர்’ விகுதி போட்டு மருத்துவர், ஓட்டுநர், செவிலியர் என்று பொதுவாக்கிக்கொண்டோம். ஆனாலும் ‘பெண் ஓட்டுநர்’, ‘ஆண் செவிலியர்’ என்று எழுதுகிறோம். எந்தத் தொழிலில் எந்தப் பாலுக்கு அடைமொழி தேவைப்படுகிறதோ, அந்தத் தொழில் மற்றவருக்குச் சொந்தம் என்று பொருள்.

பல ஆண்டு இடைவெளிக்குப் பின் வேலை தேடி வரும் பெண் ‘இவ்வளவு நாள் சும்மா வீட்டில்தான் இருந்தேன்’ என்பார். அந்தச் சும்மாவுக்குள் இரண்டு பிள்ளைகளின் படிப்பும், படுக்கையில் கிடந்த ஒரு முதியவரின் மருந்து நேரமும், பற்றாக்குறையில் ஓடிய மாதக் கணக்கும் இருக்கும். ஆலோசகர் ‘இடைவெளி: 10 ஆண்டு’ என்று எழுதுவார். அந்தக் கணத்தில் அவருடைய பணி அடையாளத்தை இருவரும் சேர்ந்து அழித்துவிடுகிறார்கள். அடையாளம் உருவாவதும் அழிவதும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன எழுத்துகளில்தான்.

நம் கோட்பாடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. தொழில் வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் டொனால்ட் சூப்பர் 1957இல் ஆண்களின் தொழில்வாழ்க்கைத் தடங்களை நான்காக வகுத்தார். அவற்றில் வீடு இல்லை. பெண்களுக்கு ஏழு தடங்கள் வகுத்தார். வீட்டோடு என்ன உறவு என்பதை வைத்தே பெரும்பாலும் அவை பிரிந்தன. பின்னாளில் வேலை, வீடு, படிப்பு, ஓய்வு, குடிமைப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே வானவில்லில் வரைந்து இதை அவரே பெருமளவு சீர்செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆலோசனை அறையில் பழைய வகுப்பே நடக்கிறது. ‘குழந்தை வந்த பிறகு எப்படிச் சமாளிப்பீர்கள்’ என்ற கேள்வி ஒரு பாலினரிடம் மட்டும் போகிறது. சமூகவியலாளர் ஜோன் ஆக்கர் 1990இல் சுட்டிக்காட்டியபடி, ‘வேலை’ என்ற வடிவமே வீட்டுப் பொறுப்பில்லாத ஒருவரை மனத்தில் வைத்து வெட்டப்பட்டது. அந்தச் சட்டை பெண்ணுக்குப் பொருந்தாதபோது, சட்டையைத் தைத்தவரை விட்டுவிட்டுப் பெண்ணின் உடம்பைக் குறை சொல்கிறோம்.

இப்போது ‘ஆண், பெண் என்று பார்க்காமல்’ என்று உங்களுக்குக் கற்பித்ததற்கு வருகிறேன். 1971இல் தாமஸ், ஸ்டுவர்ட் என்ற இருவர், பள்ளி ஆலோசகர்களுக்கு மாணவிகளின் நேர்காணல் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். பெண்களுக்கு வழக்கமில்லாத தொழிலை விரும்பிய மாணவியின் இலக்கு பொருத்தம் குறைந்தது என்றும், அவளுக்குக் கூடுதல் ஆலோசனை தேவை என்றும் ஆலோசகர்கள் மதிப்பிட்டார்கள். அவர்களில் பெண் ஆலோசகர்களும் உண்டு. வழக்கமான தொழிலை விரும்பியவளுக்கு அவ்வளவு ஆலோசனை தேவைப்படவில்லை! எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இந்தத் தலைகீழ்தான். யோசிக்காமல் வந்த விருப்பத்தை யாரும் விசாரிப்பதில்லை. யோசித்து வந்த விருப்பத்தைத்தான் குறுக்கு விசாரணை செய்கிறோம்.

அது பழைய காலம், இன்றைய ஆலோசகர் யாரையும் தடுப்பதில்லை என்பீர்கள். பெண்ணிய ஆய்வாளர் ஜோ ஃப்ரீமன் 1970களில் தந்த பதில் அங்கேதான் குத்துகிறது. ஊக்கமும் தராத, தடையும் செய்யாத ஒரு சூழலை அவர் ‘வெற்றுச் சூழல்’ என்றார். வெளியே இருந்து ஒருவருக்கு ஊக்கம் வந்துகொண்டே இருக்கிறது, இன்னொருவருக்கு வரவில்லை என்றால், இருவரையும் ஒரே மாதிரி சும்மா விடுவது, முன்பே இருந்த ஏற்றத்தாழ்வை அப்படியே கடத்துகிறது. நீர் பாய்ச்சிய பாத்தியையும் காய்ந்த பாத்தியையும் ஒன்றாகப் பார்க்கிறேன் என்று தோட்டக்காரர் சொல்வது போல. ஆகவே நடுநிலையாக இருக்கிறேன் என்று நீங்கள் எழுதாமல் விட்ட இடங்களில் வேறு யாரோ ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் தலையிட்டுப் பெண்களைப் பொறியியலுக்கு அனுப்புவதா? இல்லை. அதுவும் ஒருவரின் அடையாளத்தை அவருக்குப் பதிலாக நாமே எழுதுவதுதான். செவிலியமும் கற்பித்தலும் ஏதோ தோற்றவர்களின் தொழில் என்ற மறைமுக அவமதிப்பும் அதில் சேர்ந்துகொள்கிறது. எல்லா விருப்பத்தையும் ஒரே அளவு விசாரிப்பது என்பதே நான் சொல்லும் தலையீடு. வழக்கத்துக்கு மாறான விருப்பத்தை எவ்வளவு கேட்கிறீர்களோ, வழக்கமான விருப்பத்தையும் அவ்வளவு கேளுங்கள். ‘ஆசிரியப் பணி வேண்டும்’ என்று சொல்பவரிடம், அதில் எது இழுக்கிறது, எப்போது முதல், முதலில் யார் சொன்னது, வேறு எதை விட்டுவிட்டு இதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான் செலவு.

கேட்க எளிய வழிகள் உண்டு. தொழில் பெயர் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, ‘செய்யலாம்’, ‘வேண்டாம்’, ‘தெரியவில்லை’ என்று பிரிக்கச் சொல்வது உளவியலாளர் லியோனா டைலர் காலத்திலிருந்து வரும் முறை. ‘வேண்டாம்’ குவியலில்தான் எனக்கு வேலை அதிகம். ஒவ்வொரு சீட்டையும் ஏன் வேண்டாம் என்று கேட்டு, காரணங்களைக் குழுவாக்கச் சொல்வேன். ‘எனக்கு வராது’, ‘வீட்டில் ஒப்ப மாட்டார்கள்’, ‘அங்கே என்னைப் போன்றவர்கள் இல்லை’, ‘உண்மையாகவே அலுப்பு’ என்று குவியல் தானே பிரியும். நான்காவது குவியல் மட்டும்தான் ஆர்வத்தைப் பற்றியது. தொழில் ஆலோசனை அறிஞர் மார்க் சவிக்காஸ் தன் நேர்காணலில் கேட்கும் ஒரு கேள்வியும் எனக்குக் கைகொடுக்கிறது: சிறு வயதில், பெற்றோரைத் தவிர, நீங்கள் வியந்து பார்த்த மூன்று பேர் யார், அவர்களிடம் எதை வியந்தீர்கள்? பாட்டியின் நண்பர், ஒரு கதைப் பாத்திரம், பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது வருவார்கள். அவர்களிடம் வியந்த குணங்களில் தொழிலின் பாலின முத்திரை இருப்பதில்லை. ‘யாரிடமும் அனுமதி கேட்க மாட்டார்’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் குணத்துக்கு எந்த வேலையில் இடம் இருக்கும் என்று பேச்சு திரும்புகிறது.

ஆண்களைப் பற்றியும் ஒரு சொல். பாலினம் என்றால் பெண் என்று நினைத்து ஆண்களின் குறிப்பேட்டை நாம் புரட்டுவதே இல்லை. குழந்தைகளோடு வேலை செய்ய ஆசைப்படும் ஒரு பையன் அதைச் சொல்வதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். செவிலியம், தொடக்கப்பள்ளி, நூலகம், சமூகப்பணி ஆகிய நான்கு துறைகளில் ஆண்களைப் பற்றி 1992இல் எழுதிய சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ், அங்கே அவர்கள் தடுக்கப்படுவதைவிட மேலே தள்ளப்படுகிறார்கள் என்று காட்டினார். கண்ணுக்குத் தெரியாமல் நிர்வாகப் பதவிக்கு ஏற்றும் ‘கண்ணாடி நகர்படி’ (எஸ்கலேட்டர்) என்று அதைச் சொன்னார். பதவி உயர்வுதானே, நல்லதுதானே என்று தோன்றும். குழந்தைகளோடு இருக்க வந்தவரைக் கோப்புகளோடு இருக்க அனுப்புவதும் ஒரு பாலினத் தள்ளல்தான். தன்னை ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் வைக்காதவர் வரும்போது, ஆண் பெண் என்று பிரித்த ஒப்பீட்டு அட்டவணை கையைவிட்டுப் போகும். அப்போது சீட்டும் கதையும்தான் மிஞ்சும். பெரும்பாலும் அவை போதும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைச் சொல்லி நிறுத்துகிறேன். ஆசிரியப் பணி என்று உறுதியாக வந்தார். நான்கு முறை சந்தித்தோம். சீட்டு, கதை எல்லாம் நடந்தது. ‘எனக்கு வராது’ குவியலிலிருந்து மூன்று தொழில்களை வெளியே எடுத்தார், அவற்றில் இரண்டைப் பற்றி விசாரித்தும் பார்த்தார். கடைசியில் ஆசிரியப் பணியையே தேர்ந்தெடுத்தார். என் குறிப்பேட்டில் அவரும் உங்களுடைய அதே பட்டியலில்தான் இருப்பார். முதல் சந்திப்பில் அவர் கேட்டது, பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று. நான்காவது சந்திப்பில், பாடத்திட்டம் வகுக்கும் குழுவில் இடம்பெற என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார்.